ஒரே கிட்டார், ரெண்டு வேலை: ஆர்ச்டாப்பின் தொண்ணூறு வருடச் சண்டை



இந்த வார எபிசோட் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்குது. கோயம்புத்தூர்ல படிக்கிற ஒரு நேயர் எழுதியிருந்தாங்க: "அண்ணா, எனக்கு ஆர்ச்டாப் கிட்டார் மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. ஹாஸ்டல் ரூம்ல பிளக் பண்ணாம வாசிக்கணும். காலேஜ் பேண்ட்ல ஆம்ப்ல போட்டும் வாசிக்கணும். ஒண்ணுதான் வாங்க முடியும், பட்ஜெட்டும் கம்மி. எதை வாங்கலாம்?"

ஒரு மாடல் பேரைச் சொல்லி ரெண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனா இதே கேள்வியில் நானே ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரெண்டு வருடத்துக்கு முன்னால், பெங்களூரைக் காலி செய்து கிளம்பிய ஒருவரிடம் ஒரு பழைய ஆர்ச்டாப் வாங்கினேன். செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேல்பலகை. பிக்கப் கிடையாது. ராத்திரி ரூமில் வாசித்தால், மறுநாள் லிஃப்டில் பக்கத்து ஃபிளாட்காரர் "நேத்து என்ன பாட்டு?" என்று கேட்பார். அவ்வளவு சத்தம். மூன்று மாதம் கழித்து சனிக்கிழமை ஜாமுக்குப் போக ஆரம்பித்தேன். டிரம்ஸ் பக்கத்தில் என் கிட்டார் எனக்கே கேட்கவில்லை. கிட்டார் ரிப்பேர் பண்ணுகிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோய், "இதுல ஒரு பிக்கப் வெட்டிப் போட்டுடுங்கண்ணே" என்றேன். அவர் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். "தம்பி, இது செதுக்கின பலகை. வெட்டினா திரும்ப ஒட்ட முடியாது. யோசிச்சிட்டீங்களா?" என்றார். ரெண்டு தடவை கேட்டார். ரெண்டு தடவையும் நான் ஆமாம் என்றேன்.

வெட்டிய பிறகு, பிளக் பண்ணாமல் வாசித்தால் பழைய சத்தம் இல்லை. பிளக் பண்ணி வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் ஊளை. ரெண்டு வேலையும் செய்த மாதிரி இருந்தது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

தப்பு முழுக்க என்னுடையது. அதுக்கப்புறம்தான் இந்தக் கருவியின் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். நான் மாட்டிக்கொண்ட சிக்கலில் 1930களிலேயே அமெரிக்காவின் பெரிய கிட்டார் கம்பெனிகள் மாட்டியிருக்கின்றன. அவர்கள் அதிலிருந்து வெளியே வந்த வழிகள்தான் இன்றைக்குக் கடையில் தொங்குகிற மாடல்கள். அதனால் முதலில் கதையைக் கேளுங்க, எதை வாங்கலாம் என்று கடைசியில் பார்ப்போம்.

வயலின் மாதிரி ஒரு கிட்டார்

நாம் வழக்கமாகப் பார்க்கிற அக்கூஸ்டிக் கிட்டாரில் மேல்பலகை தட்டையாக இருக்கும். கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் அந்தப் பலகையிலேயே ஒட்டியிருக்கும். கம்பி இழுக்க இழுக்கப் பலகையும் சேர்ந்து இழுபடும்.

ஆர்ச்டாப் வேறு மாதிரி. மேல்பலகை வயலின் போல நடுவில் மேடாக, ஓரத்தில் தாழ்வாக இருக்கும். பிரிட்ஜ் ஒட்டப்படுவதில்லை, பலகை மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். கம்பிகள் அதைத் தாண்டிப் போய், கிட்டாரின் அடிப்பக்க விளிம்பில் மாட்டிய டெயில்பீஸில் முடியும். ஆக, கம்பிகள் பலகையை இழுப்பதில்லை, மேலிருந்து அழுத்துகின்றன. வளைவு அந்த அழுத்தத்தைத் தாங்குகிறது. ஒலியிலும் இது தெரியும். மீட்டியவுடன் ஸ்வரம் பளிச்சென்று எழும், சீக்கிரம் அடங்கிவிடும். நடு அலைவரிசை முன்னால் நிற்கும். கோர்ட்ஸை அடித்தால் மிருதங்கத்தில் ஒரு சாப்பு விழுந்த மாதிரி தாளத்தோடு சேர்ந்து நிற்கும்.

இந்த அமைப்புக்கு இந்தியாவிலேயே ஒரு உதாரணம் உண்டு. விஷ்வ மோகன் பட்டின் மோகன வீணையைக் கேட்டிருப்பீங்க. ராய் கூடரோடு அவர் செய்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' ஆல்பம் 1994-இல் கிராமி விருது வாங்கியது. அந்த மோகன வீணை, மாற்றி அமைத்த ஒரு ஆர்ச்டாப்தான். ஆறு கம்பிக்குப் பதிலாக சுமார் இருபது கம்பிகளின் இழுவை அதன் மேல் இருக்கிறது.

ஆர்ச்டாப்பின் தொடக்கம் ஆர்வில் கிப்சன். 1856-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, மிச்சிகனில் உள்ள கலமசூ ஊருக்கு வந்து, ஒரு செருப்புக் கடையில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். மாண்டலின் செய்வதில் பைத்தியம். மரத்தை வளைத்தால் அதன் நாதம் போய்விடும் என்று நம்பியதால், பக்கப் பலகைகளைக்கூட ஒரே மரத்தில் குடைந்தே எடுத்தார். நம்ம ஊர் ஏகாண்ட வீணையை நினைச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அதே பிடிவாதம். 1898-இல் காப்புரிமை வாங்கினார். 1902-இல் அவர் பெயரில் கம்பெனி தொடங்கியது. 1918-இல் அவர் இறந்தார்.

அவர் போட்ட விதையை வளர்த்தவர் லாயிட் லோர். 1919 முதல் 1924 வரை கிப்சன் கம்பெனியில் இருந்தார். 1922-இல் வெளிவந்த எல்-5 கிட்டாரில்தான் வயலின் போன்ற எஃப் வடிவத் துளைகள் வந்தன. நெக் வளையாமல் காக்கும் டிரஸ் ராட், உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய பிரிட்ஜ் என்று இன்றைக்கு நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற விஷயங்கள் கலமசூவில் அந்தச் சில வருடங்களில் வந்தவை. நடன பேண்டுகளில் அதுவரை பான்ஜோதான் ராஜா, ஏனென்றால் அதற்குத்தான் சத்தம் அதிகம். 1925 வாக்கில் மைக் வைத்துப் பதிவு செய்வது பரவியதும் நிலைமை மாறியது. எடி லாங் போன்றவர்கள் எல்-5 வாசித்துக் காட்டினார்கள். பான்ஜோ வாசித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டாருக்கு மாறினார்கள்.

சத்தத்துக்காக வளர்ந்த உடம்பு

1930களில் பேண்டுகள் பெரிதாகின. பதிமூன்று, பதினான்கு பேர், அதில் பாதிக்கு மேல் ஊதுகிறவர்கள். அவர்களுக்கு நடுவில் மின்சாரம் இல்லாமல் ஒரு கிட்டார் கேட்க வேண்டும். கம்பெனிகளுக்குத் தெரிந்த ஒரே வழி, கிட்டாரைப் பெரிதாக்குவது.

நியூயார்க்கின் எபிஃபோன் 1931-இல் ஒரு முழு ஆர்ச்டாப் வரிசையோடு கிப்சனுக்கு எதிராக இறங்கியது. 16 அங்குலமாக இருந்த எல்-5, 17 அங்குலமானது. 1934-இல் கிப்சன் 18 அங்குல சூப்பர் 400-ஐக் கொண்டுவந்தது. பெயரில் இருக்கிற 400 அதன் டாலர் விலை. அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரத்தில் 400 டாலர்! அடுத்த வருடமே எபிஃபோன், எம்பரர் என்ற மாடலை அதைவிட அரை அங்குலம் அகலமாகச் செய்தது. நம்ம ஊர் கட்அவுட் போட்டி மாதிரிதான். இன்னொரு பக்கம், 1932-இல் நியூயார்க்கில் தனிக்கடை போட்ட ஜான் டி'ஆஞ்சலிகோ, 1964-இல் இறக்கும்வரை ஆயிரத்துச் சொச்சம் கிட்டார்களைக் கையால் செய்தார். பெரிய கலைஞர்கள் அவரிடம் ஆர்டர் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

இந்தக் கருவியால் என்ன முடியும் என்று தெரிய வேண்டுமானால் ஃப்ரெடி கிரீனைக் கேளுங்க. கவுன்ட் பேஸி பேண்டில் 1937-இல் சேர்ந்தவர், 1987-இல் இறக்கும்வரை இருந்தார். ஐம்பது வருடம். ஆம்ப் இல்லாமல், கம்பிகளை நன்றாக உயர்த்தி வைத்து, நாலு எண்ணிக்கைக்கு நாலு கோர்ட். சோலோ கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. ஆனால் அந்த பேண்டின் நடையே அவர் கையில்தான் இருந்தது.

இதெல்லாம் காசு இருந்தவர்களின் கதை. நம்மை மாதிரி ஆட்கள் அப்போது என்ன வாங்கினார்கள்? சிகாகோவின் ஹார்மனி, கே என்ற ரெண்டு கம்பெனிகளின் கிட்டார்களை. சியர்ஸ் போன்ற தபால் விற்பனைக் கடைகளின் கேட்டலாக்கைப் பார்த்து ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வரும், அந்தக் காலத்து ஆன்லைன் ஷாப்பிங். செதுக்குவதற்கு ஆள் கூலி அதிகம். அதனால் பலகையை அச்சில் வைத்து அழுத்தி வளைத்தார்கள். சில மாடல்களில் ஸ்ப்ரூஸுக்குப் பதில் பிர்ச் மரம். ஓரத்தில் வைக்கும் வெள்ளைப் பட்டையைப் பொருத்துவதற்குப் பதில் பெயிண்டால் வரைந்தார்கள். மேப்பிள் மரத்தில் இயற்கையாகத் தெரியும் வரிகளையும் தூரிகையால் போட்டார்கள். கே கம்பெனி பிளைவுட்டை நிறையப் பயன்படுத்தியது.

இந்தப் பிளைவுட்டை ஞாபகம் வைச்சுக்கோங்க, திரும்ப வரும்.

150 டாலர் செட்

1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் ஒரு மின்சாரக் கிட்டாரை விற்பனைக்கு விட்டது. தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்தது போல உருண்டையான, முழுக்க அலுமினியத்தால் ஆன கிட்டார். அதன் செல்லப்பெயரே 'ஃப்ரையிங் பேன்'. மடியில் வைத்து ஹவாய் பாணியில் வாசிப்பது. உள்ளே காலி இடம் இல்லாததால் அதில் எந்தத் தொல்லையும் இல்லை.

நிமிர்த்திப் பிடித்து வாசிக்கிற கிட்டாருக்கு 1936-இல் கிப்சன் பதில் சொன்னது. அதுதான் இஎஸ்-150. இஎஸ் என்றால் எலக்ட்ரிக் ஸ்பானிஷ். கிட்டார், ஆம்ப், வயர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 150 டாலர் என்பதால் அந்த எண். செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேல்பலகை, எஃப் துளைகள் எல்லாம் அப்படியே வைத்து, நெக்குக்குப் பக்கத்தில் ஒரு பிக்கப்பை வெட்டிப் பொருத்தினார்கள். பலகைக்கு அடியில் கனமான காந்தங்கள் தொங்கின. என் ரிப்பேர் அண்ணனிடம் நான் சொன்ன அதே வேலை!

அந்தக் கிட்டாரைக் கையில் எடுத்தவர் சார்லி கிறிஸ்டியன். ஓக்லஹோமா சிட்டியில் வறுமையில் வளர்ந்த கறுப்பினப் பையன். அப்பா பார்வை இழந்தவர்; பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் வாசித்துக் காசு வாங்கியவர். பள்ளியில் சார்லி சுருட்டுப் பெட்டியில் கிட்டார் செய்து வாசித்ததை, அந்தப் பள்ளி வட்டாரத்திலேயே வளர்ந்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் பிறகு எழுதியிருக்கிறார். 1939-இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்தார். அதுவரை தாளத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிட்டார், சாக்ஸஃபோன் போல ஒற்றை ஒற்றை ஸ்வரமாக முன்னால் வந்து பேசியது. 1942 மார்ச்சில் காசநோயால் இறந்தார். வயது 25. இன்றைக்கும் அந்த வகை பிக்கப்புக்கு அவர் பெயர்தான்.

அவருக்கு அது வேலை செய்தது, எனக்கு ஏன் ஊளையிட்டது? ஒரு காரணம், அந்தக் காலத்து ஆம்ப்கள் சின்னவை. இன்னொரு காரணம் அடிப்படையானது. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கீய்ய்ங்' என்று கத்துமே, அதேதான். ஆம்பில் இருந்து வரும் சத்தம் கிட்டாரின் மேல்பலகையை அதிர வைக்கிறது. பலகை கம்பியை அதிர வைக்கிறது. கம்பியின் அசைவை பிக்கப் எடுத்து மறுபடியும் ஆம்புக்கு அனுப்புகிறது. வெளியேறும் கண்டிஷன் இல்லாத லூப். இதுதான் ஃபீட்பேக்.

முக்கியமான இடம் இதுதான். பிளக் பண்ணாமல் நல்ல சத்தம் வர, மேல்பலகை லேசாக, சுலபமாக அதிர வேண்டும். பிளக் பண்ணி ஊளை இல்லாமல் வாசிக்க, அதே பலகை அதிராமல் இருக்க வேண்டும். ஒரே பலகைக்கு நேர் எதிரான ரெண்டு ரெக்வயர்மென்ட். எவ்வளவு காசு கொடுத்தாலும் இந்த முரண் போகாது.

எல்-5 தந்த லாயிட் லோரே 1933-இல் விவி-டோன் என்ற கம்பெனி தொடங்கி மின்சார வாத்தியங்கள் செய்து பார்த்தார். வியாபாரம் எடுபடவில்லை.

மூன்று வழிகள்

அடுத்த இருபது வருடங்களில் இந்த முரணுக்கு மூன்று வழிகள் வந்தன.

முதல் வழி, காலி இடத்தையே அடைத்துவிடுவது. 1940 வாக்கில் லெஸ் பால், எபிஃபோன் ஆலையில் ஒரு நாலு அங்குலக் கட்டையில் நெக்கையும் பிக்கப்பையும் மாட்டினார். கிட்டார் மாதிரி தெரியட்டும் என்று ஒரு ஆர்ச்டாப்பை ரெண்டாக அறுத்து ரெண்டு பக்கமும் ஒட்டினார். பேரே 'லாக்', அதாவது மரக்கட்டை. 1958-இல் கிப்சன் கொண்டுவந்த இஎஸ்-335 இதே யோசனைதான்: வெளியே எஃப் துளைகள், உள்ளே நடுவில் நீளமாக ஒரு மரக்கட்டை. இதை செமி ஹாலோ என்பார்கள். மேடையில் அருமையான கிட்டார். ஆனா பிளக்கைப் பிடுங்கினால் முணுமுணுப்புதான் வரும். எஃப் துளையைப் பார்த்து ஆர்ச்டாப் என்று நம்பி இதை வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

இரண்டாவது வழி பிளைவுட். 1949-இல் கிப்சன் இஎஸ்-175-ஐ 175 டாலருக்கு விட்டது. மெல்லிய மர ஏடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, அச்சில் அழுத்திய மேல்பலகை. செலவு குறைய வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் விறைப்பான பிளைவுட் அவ்வளவு சுலபமாக அதிராது, அதனால் ஊளையும் குறைந்தது. மலிவு விலைக்கான சமரசமே இங்கே மின்சாரத்துக்கான தீர்வாகவும் ஆனது. ஜோ பாஸ், ஹெர்ப் எல்லிஸ், ஜிம் ஹால், பாட் மெத்தேனி என்று ஜாஸ் கிட்டாரின் பெரிய பெயர்கள் எல்லாம் இதை வாசித்தார்கள். 1954-இல் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் பதிவுகளில் ஸ்காட்டி மூர் வாசித்த இஎஸ்-295, இதற்கே தங்க நிறம் பூசிய தம்பி. ராக் குழுவான யெஸ்ஸில் ஸ்டீவ் ஹவ் கையிலும் 175தான். "பிளைவுட்டா? சீ!" என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களை எடுத்து விடுங்க.

மூன்றாவது வழி, பலகையைத் தொடாமல் இருப்பது. ஒஹையோ மாநிலத்தின் டொலீடோவைச் சேர்ந்த ஹாரி டிஆர்மண்ட் வடிவமைத்த பிக்கப்பை வெட்டாமலே மாட்டலாம். ஒரு மெல்லிய கம்பித் தண்டில், கம்பிகளுக்கும் பலகைக்கும் நடுவில் அது அந்தரத்தில் நிற்கும். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஜானி ஸ்மித் இந்த வழியில் நின்றவர். அவர் பெயரில் கிப்சன் 1961-இல் விட்ட மாடலில் பலகையில் ஓட்டை கிடையாது. பிக்கப் மிதக்கும், அதாவது ஃப்ளோட்டிங். பலகை முழுசாக அதிரும், அக்கூஸ்டிக் குரல் தப்பிக்கும். ஆனால் ஃபீட்பேக் தொல்லையும் கூடவே இருக்கும். மெதுவான வால்யூமில் வாசிக்கிற ஜாஸ் டிரியோவுக்குப் பொருந்தும், மெட்டல் பேண்டுக்குப் பொருந்தாது.

இந்த மூன்றாவது வழி நான் கத்தி வைப்பதற்கு எழுபது, எண்பது வருடங்களுக்கு முன்பே இருந்தது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1930களில் செதுக்கிய எத்தனையோ நல்ல ஆர்ச்டாப்களைப் பின்னாட்களில் என்னைப் போன்றவர்கள் பிக்கப்புக்காக வெட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

விலை எப்படி இறங்கியது

1950களில் ராக் இசையோடு சாலிட் பாடி கிட்டார்கள் வந்தன. ஆர்ச்டாப் ஒரு சின்ன வட்டத்துக்குள் போனது. 1957-இல் எபிஃபோனை கிப்சனின் தாய் நிறுவனமே வாங்கிவிட்டது. 1964-இல் டி'ஆஞ்சலிகோ போனார். 1975-இல் ஹார்மனியின் கதவும் மூடியது.

திரும்ப உயிர் வந்தது ஆசியாவில். ஜப்பானின் ஐபனேஸ் 1970களின் கடைசியில் ஜார்ஜ் பென்சனோடு சேர்ந்து ஜிபி-10 மாடலைச் செய்தது. உடம்பைச் சின்னதாக்கி, பிக்கப்பை மிதக்கவிட்டு, சத்தமான மேடைக்கு ஏற்றபடி அமைத்தார்கள். 2002-இல் அதே ஐபனேஸ், சீனாவில் செய்த ஆர்ட்கோர் வரிசையை விட்டது. பிளைவுட் உடம்பு, மாணவர்களுக்கு எட்டுகிற விலை. பெய்ஜிங்கில் 1992-இல் வயலின் பட்டறையாகத் தொடங்கிய ஈஸ்ட்மன், வயலின் செதுக்கிய கைகளை வைத்தே ஆர்ச்டாப் செதுக்க ஆரம்பித்தது. ஆர்வில் கிப்சன் வயலினிடம் கடன் வாங்கிய வேலை, நூறு வருடம் கழித்து வயலின்காரர்களிடமே திரும்பிப் போயிருக்கிறது. அமெரிக்காவில் கையால் செதுக்கிய ஒரு கிட்டாரின் விலையில் ஒரு பங்குக்குச் செதுக்கிய பலகை கிடைக்கும் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

சரி, எதை வாங்கலாம்?

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் பிளக் பண்ணாமல் வாசிப்பீங்க, எத்தனை மணி நேரம் டிரம்ஸோடு வாசிப்பீங்க? ஆசையை விட்டுட்டு உண்மையான கணக்கைப் போடுங்க. ரெண்டில் எது பெரிசோ அதுக்கு வாங்குங்க, மற்றது சுமாராக இருந்தால் போதும். நான் இந்தக் கணக்கைப் போடவே இல்லை. என் வாரத்தில் பிளக் பண்ணாமல் பத்து மணி நேரம், ஜாம் ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டுக்காகப் பத்தை வெட்டினேன்.

மேடைதான் அதிகம் என்றால் இஎஸ்-175 வழி: பிளைவுட், வெட்டிப் பொருத்திய பிக்கப். ஐபனேஸ் ஆர்ட்கோரில் ஏஎஃப் என்று தொடங்கும் மாடல்கள் முழு ஹாலோ. ஏஎஸ் என்று தொடங்குபவை உள்ளே கட்டை வைத்த செமி ஹாலோ. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆர்டர் போடும்போது கவனம். ஊளை வந்தால் எஃப் துளைகளில் ஸ்பாஞ்சோ துணியோ அடைப்பது பழைய வைத்தியம். நிஜமாகவே கேட்கும்.

ரூம்தான் அதிகம் என்றால், கனடாவின் கோடின் ஃபிஃப்த் அவென்யூவைப் பாருங்க. செர்ரி மரப் பிளைவுட்டை அச்சில் வளைத்தது, ஆனால் அக்கூஸ்டிக்காக வாசிக்கவே வடிவமைத்தது. பிக்கப் இல்லாமலும் வரும், கிங்பின் என்ற பெயரில் பி-90 பிக்கப்போடும் வரும். ஹாஸ்டலும் பேண்டும் ரெண்டும் வேண்டும் என்ற நம் நேயருக்கு முதலில் கிங்பினைத்தான் வாசித்துப் பார்க்கச் சொல்வேன். எபிஃபோன் 2016-இல் விட்ட மாஸ்டர்பில்ட் செஞ்சுரி வரிசை, 1930களின் தோற்றத்தில் பிரிட்ஜுக்கு அடியில் பியெஸோ பிக்கப் வைத்தது. ஆம்பில் அக்கூஸ்டிக் சாயல் வேண்டுமென்றால் அது ஒத்துவரும். கொஞ்சம் சேர்த்து வைக்க முடிந்தால் தி லோர், அதற்கு மேல் ஈஸ்ட்மனின் செதுக்கிய மாடல்கள். அவற்றில் பிக்கப் வேண்டுமென்றால் மிதக்கும் பிக்கப்தான். தயவுசெய்து வெட்டாதீங்க.

கடையில் என்ன பார்க்கணும்? எஃப் துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்க. ஏடு ஏடாகக் கோடு தெரிந்தால் பிளைவுட். மேலே தெரியும் மர ரேகை அப்படியே விளிம்பிலும் இறங்கினால் முழு மரம். 'சாலிட் டாப்' என்று எழுதியிருந்தாலும் செதுக்கியது என்று அர்த்தம் இல்லை, அழுத்தி வளைத்ததாகவும் இருக்கலாம். கேளுங்க. பழையதாக இருந்தால் பிரிட்ஜின் திருகைப் பாருங்க. அடிமட்டம் வரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருந்தால் நெக் தூக்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ரிப்பேர் செலவு கிட்டார் விலையையே தாண்டலாம்.

அடுத்து கம்பி. அக்கூஸ்டிக்குக்கான பிரான்ஸ் கம்பியைக் காந்த பிக்கப் சரியாக எடுக்காது, ஏனென்றால் சுற்றியிருக்கும் வெண்கலத்தைக் காந்தம் இழுக்காது. உள்ளே இருக்கும் எஃகு இழைதான் பிக்கப்புக்குத் தெரியும். சுற்று இல்லாத மெல்லிய ரெண்டு கம்பிகள் மட்டும் தனியாகக் கத்தும். நிக்கல் சுற்றிய கம்பி போட்டால் ரெண்டு பக்கமும் ஓரளவு சமாளிக்கும். ஒன்று மறக்காதீங்க: பிரிட்ஜ் ஒட்டப்படாதது. எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது நகர்ந்து சுருதி போய்விடும். ஒவ்வொன்றாக மாற்றுங்க.

என் கிட்டார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் அதே அண்ணனிடம் கொண்டுபோய் பிக்கப்பை எடுத்துவிட்டு, ஓட்டையை ஒரு துண்டு ஸ்ப்ரூஸால் மூடித் தரச் சொன்னேன். "சத்தம் பழையபடி வராது தம்பி, ஊளை மட்டும் நிக்கும்" என்றார். தெரியும்ணே என்றேன். ஜாமுக்கு இப்போது நண்பனின் பிளைவுட் கிட்டாரைக் கடன் வாங்கிப் போகிறேன்.

நீங்க வாங்கினால் எதை வாங்கினீங்க என்று எழுதுங்க. ஒரே ஸ்வரத்தை பிளக் பண்ணியும் பண்ணாமலும் ரெக்கார்டு பண்ணி அனுப்பினால் இன்னும் நல்லது, அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் எல்லாரும் சேர்ந்து கேட்கலாம். அதுவரைக்கும், வணக்கம்.